இணைப்பு எங்கே அறுந்தது? லினக்ஸ் மடிக்கணினிக்குள் இருக்கும் இணைய வரலாறு

"டீச்சர், லைன் இல்ல!"

இந்தக் குரலைக் கேட்காத வகுப்பறை இன்று இல்லை. மாணவர்களே, இடுபணியைப் பதிவேற்ற வேண்டிய கடைசிப் பத்து நிமிடத்தில் நீங்களும் வீட்டில் இதையே சொல்லியிருப்பீர்கள். உடனே என்ன செய்கிறோம்? ரவுட்டரை அணைத்துப் போடுகிறோம். மடிக்கணினியை அணைத்துப் போடுகிறோம். சில நாள் சரியாகிவிடும். சரியாகாத நாளில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ் என்றால் கவலை கொஞ்சம் கூடுதல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத பழைய மடிக்கணினிகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை ஏற்றிக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. பணம் மிச்சம், கணினியும் வேகமாக ஓடும். ஆனால் வைஃபை போய்விட்டால் பக்கத்தில் கேட்க ஆள் கிடைப்பது அரிது. பழுது பார்க்கும் கடையிலும் சில நேரம், "இது லினக்ஸா? விண்டோஸ் போட்டுத் தரவா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்தக் கட்டுரை அதற்கான மருந்துச் சீட்டு இல்லை. இது ஒரு வரலாற்றுக் கட்டுரை. ஆனாலும் வரலாறு இங்கே நேரடியாகக் கை கொடுக்கும் என்பதே என் வாதம். "லைன் இல்ல" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் ஐந்தாறு தனித்தனிக் கோளாறுகள். வானொலி அலை, அட்டையை இயக்கும் நிரல், கடவுச்சொல், முகவரி, பெயர்த்தேடல் என ஒவ்வொன்றையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு மனிதர்கள், வெவ்வேறு தேவைக்காகச் செய்தார்கள். 1983இல் செய்ததும் 2013இல் செய்ததும் உங்கள் மடிக்கணினிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. எந்த அடுக்கு எப்போது, ஏன் வந்தது என்று தெரிந்தவருக்கு எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்.

ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1983: மூன்று செய்திகள்

1983ஐ மனத்தில் வையுங்கள், தேர்வுக்கும் உதவும். அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் அர்பாநெட் பிணையம் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. இன்றைய இணையத்தின் பிறந்த நாள் என்று பலர் இதைத்தான் சொல்கிறார்கள். ஐபி முகவரி என்று நாம் இன்று பேசுவதெல்லாம் அந்த மாற்றத்தின் வழி வந்தது.

அப்போது கணினிகளின் பெயர்கள் எல்லாம் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று பிணையத்தில் சேர்ந்தால் அங்கே தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983 நவம்பரில் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றாக டிஎன்எஸ் என்ற பெயர்த்தேடல் முறையின் வடிவமைப்பை வெளியிட்டார். ஒரே பதிவேட்டை ஒருவரே வைத்திருப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பகுதியும் தன் பெயர்ப் பட்டியலைத் தானே வைத்திருக்கும். கேட்பவருக்குப் பதில் சொல்லும்.

பழைய கோப்பு செத்துவிட்டதா என்றால் இல்லை. உங்கள் லினக்ஸ் மடிக்கணினியில் 'இடிசி' என்ற அடைவுக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறு கோப்பு இருக்கும், போய்ப் பாருங்கள். அந்தப் பழைய பதிவேட்டின் பேரன் என்று அதைச் சொல்லலாம். வழக்கமான அமைப்பில் லினக்ஸ் முதலில் அதைத்தான் பார்க்கும், பிறகுதான் வெளியே கேட்கும். எல்லா இணையப் பக்கமும் திறக்கிறது, ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறதா? யாராவது எப்போதோ அந்தக் கோப்பில் ஒரு வரி எழுதி வைத்திருக்கக்கூடும். ரவுட்டரை நூறு முறை அணைத்துப் போட்டாலும் அது தீராது.

மூன்றாவது செய்தி டிசம்பரில் வருகிறது. மேரிலாந்து மாநிலத்தில் இருந்த அமெரிக்க இராணுவத்தின் எறிபொருள் ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்ற கணினி வல்லுநர் வேலை பார்த்தார். அவருடைய பிணையம் ஏதோ விசித்திரமாக நடந்துகொண்டது. காரணம் தேடுவதற்காக ஒரே இரவில் ஒரு சிறு நிரலை எழுதினார். அதுதான் 'பிங்'. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ஓசையின் பெயரையே வைத்தார். "எதிரொலி கொடு" என்று கேட்கும் வசதி நெறிமுறையில் 1981லேயே எழுதப்பட்டிருந்தது. அதைக் கைக்கருவியாக்கியது அவர்தான்.

கவனியுங்கள், இந்தக் கருவி பிறந்ததே ஒரு "லைன் இல்ல" பிரச்சினையில்தான். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் முதலில் எடுக்கும் கருவி இதுதான்.

இருட்டில் தோட்டத்து லயத்திலிருந்து குரல் கொடுத்து, எதிர்க்குரல் வருகிறதா என்று கேட்பது மாதிரி. ஆனால் யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது. 127.0.0.1 என்ற முகவரியைக் கூப்பிட்டால் உங்கள் கணினி தன்னைத்தானே கூப்பிடுகிறது. அடுத்து ரவுட்டரின் முகவரி. பல வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். அதற்கடுத்து வீட்டுக்கு வெளியே ஒரு முகவரி; 2009 டிசம்பரில் கூகள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பெயர்த்தேடல் சேவையின் 8.8.8.8 பலருக்கும் மனப்பாடம். கடைசியாக, எண் இல்லாமல் ஓர் இணையதளத்தின் பெயர். எந்தப் படியில் பதில் நின்றுபோகிறதோ அந்தப் படியில்தான் கோளாறு. சில பள்ளிப் பிணையங்களில் பிங் கேள்விகளைத் தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே பதில் வராததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

லினக்ஸுக்கு வலை வந்த கதை

1991 ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்த முதல் லினக்ஸில் பிணைய வசதியே கிடையாது. 1992இல் ராஸ் பைரோ என்பவர் டிசிபி/ஐபி நிரலை லினக்ஸுக்காக எழுதத் தொடங்கினார். பிறகு ஃபிரெட் வான் கெம்பன் அதை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின் வேல்ஸ் நாட்டில் இருந்த ஆலன் காக்ஸ் அதைச் செப்பனிட்டு நிலைநிறுத்தினார். 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 வெளிவந்தபோது வலை வசதி உள்ளே இருந்தது.

அந்தக் காலத்து அட்டை தயாரிப்பாளர்கள் விண்டோஸுக்குத்தான் டிரைவர் கொடுத்தார்கள். டிரைவர் என்பது அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் நிரல். லினக்ஸுக்கான ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பங்கை டொனால்ட் பெக்கர் என்பவர் எழுதினார். கம்பி வழி இணைப்பு லினக்ஸில் இன்று ஏறக்குறைய எந்தத் தொல்லையும் தராமல் ஓடுவதற்கு அந்த உழைப்பே அடித்தளம். அதனால்தான் வைஃபை போனவுடன், கைவசம் கம்பி இருந்தால் முதலில் அதைச் செருகிப் பாருங்கள் என்கிறார்கள். கம்பியில் ஓடினால் ரவுட்டரும் நல்லது, வெளி இணையமும் நல்லது. கோளாறு கம்பியில்லாப் பகுதியில் மட்டும்.

மாணவர்கள் தடுமாறும் ஓர் இடத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய நூல்களில் 'இஃப்கான்ஃபிக்' என்று ஒரு கட்டளை வரும். 1983இல் வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பிலிருந்து வந்த சொத்து அது. பின்னாளில் ரஷ்ய நிரலாளர் அலெக்ஸி குஸ்நெட்சோவ் லினக்ஸுக்கென்றே 'ஐபி' என்ற புதிய கட்டளையை எழுதினார். இன்றைய பல லினக்ஸ் வகைகளில் பழைய கட்டளை நிறுவப்படுவதே இல்லை. அதைத் தட்டினால் "கட்டளை இல்லை" என்று வரும். கணினியே கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீங்க. 'ஐபி ஏடிடிஆர்' என்று தட்டினால் போதும்.

அட்டையின் பெயரும் அப்படித்தான். பழைய குறிப்புகளில் வைஃபை அட்டையின் பெயர் 'டபிள்யூலான்0' என்று இருக்கும். இரண்டு அட்டை இருந்தால் எது 0, எது 1 என்பது கணினி தொடங்கும்போது மாறிப்போகும் ஆபத்து இருந்தது. 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு இதை மாற்றியது. அட்டை பொருத்தப்பட்ட இடத்தை வைத்தே பெயர். 'டபிள்யூஎல்பி3எஸ்0' என்றால் டபிள்யூஎல் கம்பியில்லாதது, பி3 மூன்றாம் பிசிஐ தடம், எஸ்0 அதில் பூஜ்யமாம் இடம். பார்க்க அசிங்கமான பெயர்தான், ஆனால் வீட்டு எண் மாதிரி, மாறாது.

கம்பி போன பிறகு

இனிதான் கதை சூடு பிடிக்கிறது. லினக்ஸ் மடிக்கணினியில் "லைன் இல்ல" என்ற புகாரில் பெரும்பகுதி இந்த அத்தியாயத்திலிருந்து வருவது.

வைஃபைக்கான முதல் தரநிலை 1997இல் வந்தது. வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999இல் அது 11 மெகாபிட்டாக உயர்ந்தது. 2003 மார்ச்சில் இன்டெல் நிறுவனம் 'சென்ட்ரினோ' என்ற பெயரில் செயலி, சிப்செட், வைஃபை அட்டை மூன்றையும் ஒரே பொதியாக விற்கத் தொடங்கியது. அதன்பின் மடிக்கணினி என்றாலே உள்ளே வைஃபை இருக்கும் என்ற நிலை வந்தது. ஆனால் அந்த வைஃபை அட்டைக்கு லினக்ஸ் டிரைவர் அன்று இல்லை! விண்டோஸ் போட்டவர் கம்பியில்லாமல் உலவினார். அதே மடிக்கணினியில் லினக்ஸ் போட்டவர் கம்பியைத் தேடினார். 2004இல் இன்டெல்லே அதற்கான திறந்த மூல டிரைவர் திட்டத்தைத் தொடங்கியது. 2005இல் அது லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது.

பிராட்காம் நிறுவனத்தின் சில்லுகள் இருந்த மடிக்கணினிகளின் கதை இதைவிடக் கடினம். அந்நிறுவனம் அப்போது டிரைவர் எழுதத் தேவையான விவரங்களை வெளியிடவில்லை. என்ன செய்வது? ஒரு கூட்டம் 'என்டிஸ்ராப்பர்' என்ற குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. விண்டோஸுக்காக எழுதிய டிரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து, "நீ இருப்பது விண்டோஸில்தான்" என்று அதை நம்பவைத்து ஓட்டுவது. ஓடவும் செய்தது, திடீரென்று விழவும் செய்தது. விழுந்தால் ஏன் விழுந்தது என்று திறந்து பார்க்க வழியில்லை.

இன்னொரு குழு நேர்வழியில் போனது. நிறுவனத்தின் டிரைவர் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்வோர் ஒரு பக்கம். அவர்கள் கண்டதை விளக்கமாக எழுதி வைப்பார்கள். நிரல் எழுத மாட்டார்கள். அந்த விளக்கத்தை மட்டும் படித்துப் புதிய டிரைவர் எழுதுவோர் மறுபக்கம். அவர்கள் மூல டிரைவரைத் தொடவே மாட்டார்கள். காப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்க இந்தத் தடுப்புச் சுவர். இப்படி எழுதிய டிரைவர் 2006 ஜூனில், லினக்ஸ் 2.6.17இல் சேர்ந்தது. என்னைக் கேட்டால், இந்த முழு வரலாற்றிலும் மாணவர்களிடம் விரித்துச் சொல்ல வேண்டிய பகுதி இதுதான். பார்த்தவர் எழுதக் கூடாது, எழுதியவர் பார்த்திருக்கக் கூடாது! பதிப்புரிமை, நெறிமுறை என்று கணினி அறிவியல் பாடத்தில் வரும் சொற்களுக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 2010 செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது.

டிரைவர் கிடைத்தும் ஒரு முட்டுக்கட்டை மிச்சம் இருந்தது: ஃபர்ம்வேர். வைஃபை அட்டை என்பது உண்மையில் தனியே ஒரு குட்டிக் கணினி. அதற்குள் ஓட வேண்டிய நிரலை ஒவ்வொரு முறையும் மடிக்கணினிதான் ஏற்றிவிட வேண்டும். அந்த நிரலின் மூலத்தைத் தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தருவதில்லை. "மூலம் இல்லாத நிரலை எங்கள் தொகுப்பில் சேர்க்க மாட்டோம்" என்பது டெபியன் லினக்ஸ் குழுவினரின் நெடுநாள் கொள்கை. கொள்கை சரி, ஆனால் நிறுவுகிறவர் நிலை என்ன? வைஃபை ஓட ஃபர்ம்வேர் வேண்டும்; ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் இதற்காக வாக்கெடுப்பு நடத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், அந்த ஃபர்ம்வேர் அதிகாரபூர்வ நிறுவல் தொகுப்பிலேயே வருகிறது. ஒரு பண்புக்கும் ஒரு பயன்பாட்டுக்கும் நடுவே நடந்த இழுபறி அது. எது சரி என்று வகுப்பில் வாதம் வைத்துப் பாருங்களேன், இரு தரப்புக்கும் நல்ல வாதங்கள் இருக்கின்றன.

இந்த வரலாறு உங்கள் மேசையில் எப்படித் தெரியும்? லினக்ஸ் புதிதாகப் போட்ட மடிக்கணினியில் வைஃபை சின்னமே இல்லை என்றால், முதலில் 'எல்எஸ்பிசிஐ' என்று தட்டுங்கள். உள்ளே பொருத்திய அட்டைகளின் பட்டியல் வரும். வைஃபை அட்டை யாருடையது என்று தெரியும். பிறகு 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்று தட்டினால் கெர்னலின் நாட்குறிப்பு வரும். அதில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், காரணம் கைக்கு வந்துவிட்டது. இறக்குவதற்கு இணையம் வேண்டுமே என்கிறீர்களா? திறன்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் டெதரிங் வசதியை இயக்குங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு பேசிகளை லினக்ஸ் ஒரு கம்பிவழி ஈதர்நெட் அட்டையாகவே பார்க்கும். பழைய ஈதர்நெட் பாட்டை இங்கே நம்மைக் காப்பாற்றுகிறது.

சின்னம் இருக்கிறது, ஆனால் வைஃபை இயங்கவில்லை என்றால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. வானொலியை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அது சொல்லும். மென் தடை என்றால் கட்டளையால் திறக்கலாம். வன் தடை என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தானோ, விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையோ இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதலில் பாருங்கள்!

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1 முதல் 13 வரையிலான அலைத்தடங்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். உங்கள் மடிக்கணினி தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்து, ரவுட்டர் 13ஆம் தடத்தைத் தேர்ந்துகொண்டால், பேசிக்கு வைஃபை தெரியும், மடிக்கணினிக்குத் தெரியாது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' என்று கேட்டால் மடிக்கணினி தன்னை எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறது என்று சொல்லும்.

கடவுச்சொல், முகவரி, பெயர்

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1997இன் 'வெப்' மறையாக்கத்தின் அடிப்படைப் பலவீனத்தை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூவர் எடுத்துக்காட்டினார்கள். 2003இல் டபிள்யூபிஏ, 2004இல் டபிள்யூபிஏ2, 2018இல் டபிள்யூபிஏ3 என்று அடுத்தடுத்து வந்தன. பழைய மடிக்கணினியின் அட்டைக்கு மூன்றாவதைத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் புது ரவுட்டர் வந்து, அதில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைத்துவிட்டால், கடவுச்சொல் சரியாகவே இருந்தாலும் கதவு திறக்காது.

முகவரி விஷயம் வகுப்பறைக்கு மிக நெருக்கமானது. ஆரம்பத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரியை ஆளே கையால் எழுதினார். 1993இல் டிஎச்சிபி என்ற நெறிமுறை வந்தது. இன்று புழங்கும் வடிவம் 1997இல் வெளியானது. இதில் ரவுட்டர் முகவரியை வாடகைக்கு விடுகிறது. தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். வாடகைக்கு விட அதனிடம் இருப்பது ஓர் எண்ணிக்கைதான். ரவுட்டரில் 50 முகவரி மட்டுமே ஒதுக்கியிருந்து, 40 மாணவர்கள் ஆளுக்கொரு மடிக்கணினியும் பேசியுமாக வந்தால் என்ன ஆகும்? முதலில் வந்தவருக்கு இடம், கடைசியில் வந்தவருக்கு இல்லை. வைஃபை சின்னம் முழு அலையைக் காட்டும், ஆனால் எதுவும் திறக்காது. அப்போது 'ஐபி ஏடிடிஆர்' தட்டினால் முகவரியே இருக்காது, அல்லது 169.254 என்று தொடங்கும் ஒன்று இருக்கும். யாரும் முகவரி தராததால் கணினி தானாகவே வைத்துக்கொண்ட முகவரி அது. இந்த மூன்று இலக்க ஜோடியை மனப்பாடம் செய்யுங்கள். கண்டவுடன் "டிஎச்சிபி பதில் வரவில்லை" என்று சொல்லிவிடலாம். விடுபட்ட மாணவரின் மடிக்கணினியில் ஒரு குறையும் இல்லை. அவரைக் கடிந்துகொள்ளவும் தேவையில்லை.

8.8.8.8 பதில் சொல்கிறது, பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் மொக்கபெட்ரிஸின் அடுக்குக்கு வந்துவிட்டோம். உபுண்டு போன்றவற்றில் 'இடிசி' அடைவில் உள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைத் திறந்தால் 127.0.0.53 என்ற எண் இருக்கும். தன்னையே காட்டும் எண்ணாச்சே, தப்பாகிவிட்டதோ என்று தோன்றும். தப்பில்லை. கணினிக்குள்ளேயே ஓர் இடைத்தரகர் உட்கார்ந்து கேள்விகளை வெளியே அனுப்புகிறார். அவர் யாரிடம் கேட்கிறார் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும்.

மடிக்கணினி என்பதால் வரும் தொல்லை

மேசைக் கணினிக்குத் தூக்கம் அவ்வளவாகத் தேவையில்லை. மடிக்கணினிக்கு உயிரே அதுதான். 1997இன் தரநிலையிலேயே மின்சேமிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அட்டை இடையிடையே கண்ணயரும். ரவுட்டர் சுமார் பத்தில் ஒரு விநாடிக்கு ஒருமுறை அறிவிப்பு விடும். அதைக் கேட்க அட்டை விழித்து, "உனக்குப் பொட்டலம் இருக்கிறது" என்றால் வாங்கிக்கொண்டு மறுபடி உறங்கும். இந்த ஏற்பாட்டில் டிரைவரும் ரவுட்டரும் ஒத்துப்போகாவிட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்து அறுந்து வரும். இதற்கு ஓர் அடையாளம்: மின்கம்பி செருகியிருக்கும்போது ஒழுங்காக ஓடும், பேட்டரியில் மட்டும் அறும். 'ஐடபிள்யூ' கட்டளையால் பவர் சேவ் வசதியை அணைத்துப் பாருங்கள்.

மூடியை மூடித் திறந்த பிறகு வைஃபை வரவில்லை என்றால், தூங்கி எழுந்த அட்டைக்கும் டிரைவருக்கும் பேச்சு முறிந்திருக்கிறது. முழுக் கணினியையும் அணைக்க வேண்டாம். 'மோட்ப்ரோப்' கட்டளையால் அந்த டிரைவரை மட்டும் இறக்கி மறுபடி ஏற்றலாம். லினக்ஸ் டிரைவர்களைப் பிரித்து மாட்டக்கூடிய துண்டுகளாக வைத்திருப்பதன் நன்மை இது.

கடைசியாக ஒன்று, பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. தாய்ப்பலகையில் இருக்கும் சிறு பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். வைஃபை சேரும், பிங் பதில் சொல்லும், பெயரும் கிடைக்கும். ஆனால் பாதுகாப்பான இணையப் பக்கம் ஒன்றுகூடத் திறக்காது. அந்தப் பக்கங்களின் சான்றிதழில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கணினியின் கணக்கில் அந்தத் தேதி இன்னும் வரவே இல்லை. 'டேட்' என்று நாலு எழுத்துத் தட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். தேர்வுக்கு முந்தின இரவு ரவுட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதை யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, பழைய லினக்ஸ் மடிக்கணினி நான்கு கிடைத்தால் போதும். மாணவர்கள் வருமுன் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கெடுத்து வையுங்கள். ஒன்றில் ஆர்எஃப்கில் மென் தடை. ஒன்றில் பெயர்த்தேடலுக்கு இல்லாத ஒரு முகவரி. ஒன்றில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு தவறான வரி. நான்காவதில் தானியங்கி நேர ஒத்திசைவை நிறுத்திவிட்டுத் தேதியை 2005க்கு மாற்றிவிடுங்கள். குழுவுக்கு ஒன்று கொடுத்து இருபது நிமிடம் விடுங்கள். கண்டுபிடித்தால் மட்டும் மதிப்பெண் தராதீர்கள். முதலில் எந்தக் கட்டளையைத் தட்டினார்கள், அதன் பதிலிலிருந்து எதை விலக்கினார்கள், பழுதான அடுக்கு எந்த ஆண்டில், யார் கையால் வந்தது என்று மூன்றையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். ரவுட்டரை அணைத்துப் போட்ட குழுவுக்கு அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம்.